ஹாட் பிளக்கா, கோல்டு பிளக்கா?

மாடல் விமானம் போன்றவற்றில் மாட்டும், மெத்தனாலில் ஓடும் சின்ன கிளோ எஞ்சின் ஜோராக ஸ்டார்ட் ஆகிறது. பிளக்கைச் சூடாக்கும் பேட்டரி ஸ்டார்ட்டரைப் பிளக்கிலிருந்து கழற்றியதும் அடங்கிவிடுகிறது. உடனே பக்கத்தில் நிற்பவர்களில் ஒருவர் "ஹாட் பிளக் போடுங்க" என்பார், இன்னொருவர் "ரிச்சா ஓடுது, ஊசியைக் கொஞ்சம் மூடுங்க" என்பார். ரிச் என்றால் எரிபொருள் அதிகம், ஊசி என்பது கார்புரேட்டரில் அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெண்புகையைக் கக்கிக்கொண்டு தடுமாறினால், நான் முதலில் ஊசியைத்தான் தொடுவேன். அதற்குக் காசு செலவில்லை.

அப்புறம் பிளக்கைக் கழற்றி, நிழலில் வைத்து ஸ்டார்ட்டரை மாட்டிப் பாருங்கள். எரிபொருள் கேனைத் தள்ளி வைத்துவிடுங்கள், மெத்தனால் தீ வெயிலில் கண்ணுக்கே தெரியாது. பிளக்கின் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான காயில் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று எரிய வேண்டும். மங்கலாக இருந்தால் முதல் சந்தேகம் பேட்டரிமேல். சார்ஜ் இறங்கிய 1.2 வோல்ட் செல் ஒன்றை நம்பி, நான் மூன்று நல்ல பிளக்குகளைக் குப்பையில் போட்டிருக்கிறேன். அதற்காக 3.7 வோல்ட் லித்தியம் செல்லை நேராகக் கொடுத்துவிடாதீர்கள், காயில் அந்தக் கணமே அறுந்துவிடும்.

பளிச்சென்று எரிந்தாலும் பிளக் நல்லது என்று ஆகிவிடாது. பேட்டரி இல்லாமல் காயில் சூடாகவே இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் ஆவி வினைபுரிவதுதான். அந்தப் பரப்பில் கருகிய எண்ணெய் படிந்துவிட்டால், பேட்டரியில் எரியும், எஞ்சினில் எரியாது. ஊசி சரியாக இருந்தும் எஞ்சின் அடங்கினால், அதே ரகத்தில் புதுப் பிளக் ஒன்றை மாட்டிப் பார்த்துவிடுங்கள். அதிலும் அடங்கினால்தான் ரகத்தை மாற்றும் பேச்சு.

ஹாட் பிளக், அதாவது காயிலில் சூட்டை அதிகம் தக்கவைக்கும் ரகம், எரிதலைச் சற்று முன்னதாகவே தொடங்கிவிடும். சிறிய எஞ்சின், எரிபொருளில் குறைந்த நைட்ரோ (நைட்ரோமீத்தேன்), குளிர்ந்த காலை என்றால் இதுதான் வசதி, ஐடிலிங்கும் நிதானமாக நிற்கும். அதையே 25 சதவீத நைட்ரோவோடு சித்திரை வெயிலில் ஓட்டினால், எண்ணெய்ச் சட்டியில் பொரிவது போலச் சத்தம் வரும். பிளக்கைக் கழற்றினால் காயில் நெளிந்திருக்கும். அங்கே கோல்டு பிளக் தேவை. அதற்கும் அந்தச் சத்தம் அடங்காவிட்டால் ஹெட்டுக்கு அடியில் 0.1 மி.மீ. ஷிம் (மெல்லிய வளையத் தகடு) ஒன்றைக் கூட்டிக் கம்ப்ரஷனைக் குறைக்கலாம்.

கோல்டு பிளக்கின் தொல்லை நேர் எதிரானது. முழு த்ராட்டிலில் அருமையாக ஓடும், ஐடிலிங்குக்கு இறக்கினால் நின்றுவிடும். விமானம் தரையிறங்கும் நேரத்தில் அது நடந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். அதனால் சாதாரண 2-ஸ்ட்ரோக் விமான எஞ்சினுக்கு ஓ.எஸ். நிறுவனத்தின் 8-ஆம் எண் போன்ற நடுத்தர ரகம்தான் என் தேர்வு. 4-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிதல் என்பதால் பிளக் ஆறிப்போகும். அதற்கென்றே ஓ.எஸ். எஃப் போன்ற சூடான பிளக்குகள் இருக்கின்றன, பேரம் பேசாமல் அதையே வாங்குங்கள்.

எந்த ரகம் போட்டாலும் காயில் சாம்பல் பூத்து, பளபளப்பு செத்திருந்தால் எஞ்சின் லீனாக, அதாவது எரிபொருள் போதாமல் ஓடுகிறது. ஊசியைத் திறக்காமல் பிளக்கை மட்டும் மாற்றினால் அடுத்ததும் இதே கதிதான். காயிலில் பொடிப்பொடியாக உலோகத் துகள் ஒட்டியிருந்தால் எஞ்சினின் பின்பக்க பேரிங்கைக் கழற்றிப் பாருங்கள்.

டர்போ பிளக் தனி ஜாதி. கூம்பு வடிவ அடிப்பாகம், வாஷர் கிடையாது, மரையும் வேறு. சாதாரண ஹெட்டில் அது பொருந்தாது. ஹெட்டையே மாற்றத் தயாராக இருப்பவர்களுக்குத்தான் அது.