ஜமைக்கா கோல்கீப்பருக்குப் பின்னால் ஓர் இருபது டாலர் இருக்கை

கால்பந்து பார்க்க மெல்பர்ன் ரெக்டாங்குலர் மைதானத்துக்குப் போகலாமா என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு போங்கள் என்பேன். அதிலும் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மலிவான வரிசையில் டிக்கெட் எடுங்கள். 2023 ஆகஸ்ட் 2 அன்று அங்கே உட்கார்ந்துதான் பெண்கள் உலகக் கோப்பையில் ஜமைக்காவும் பிரேசிலும் ஆடியதைப் பார்த்தோம். எனக்கு 20 டாலர், பதினொரு வயது மகளுக்கு 10 டாலர். அன்று புதன்கிழமை, ஆட்டம் ராத்திரி எட்டு மணிக்கு, மறுநாள் பள்ளிக்கூடம் வேறு. ஆனாலும் எங்கள் பேட்டை அணிக்கு இவள்தான் கோல்கீப்பர், அதனால் யோசிக்கவில்லை.

அன்று டாண்டினாங்கிலிருந்து ரயில் ஏறி, ரிச்மண்டில் இறங்கி நடந்தே போய்விட்டோம். சோப்பு நுரை பொங்கி நின்ற மாதிரி குமிழ் குமிழான கூரை தூரத்திலேயே தெரியும், வழி கேட்கத் தேவையில்லை. பக்கத்திலிருக்கும் பெரிய கிரிக்கெட் மைதானத்தில் உயரமான வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர்கள் எறும்பாகத் தெரிவார்கள். இது சுமார் முப்பதாயிரம் பேருக்கான இடம். கால்பந்து, ரக்பிக்கென்றே செவ்வகமாகக் கட்டியது. நடுவில் ஓட்டப்பந்தயப் பாதை எதுவும் கிடையாது, புல் முடிகிற இடத்திலேயே இருக்கைகள் ஆரம்பித்துவிடுகின்றன. ஆகஸ்ட் குளிருக்கு ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் கட்டாயம்.

வருத்தம் ஒன்று உண்டு, அது மைதானத்தின் மேல் இல்லை. முந்தின வாரம் நகரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் ஜமைக்கா ஜெர்சி கேட்டேன். "ஆண்கள் அணியோடதா?" என்றார்கள். பெண்கள் உலகக் கோப்பை நடக்கிற ஊரிலேயே இந்தக் கேள்வி! கடைசியில் மகள் தன் பழைய மஞ்சள் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே போனால் மைதானம் முழுக்க மஞ்சள். பிரேசில்காரர்களுக்கும் அதே நிறம்தானே. கழுத்துத் துண்டில் கறுப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் யார் நம் பக்கம் என்று கண்டுபிடித்தோம்.

நம் பக்கம் என்று சொல்லிவிட்டேன். ஏன் ஜமைக்கா என்றால், மொத்தமே 28 லட்சம் பேர் வாழ்கிற தீவு அது. பணம் இல்லாமல் பெண்கள் அணியே கலைந்து கிடந்தது. 2014இல் பாடகர் பாப் மார்லியின் மகள் செடெல்லா மார்லியிடம், அணிக்கு உதவி கேட்கும் துண்டுச்சீட்டு ஒன்றை அவர் மகன் பள்ளியிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அவர் கை கொடுத்த பிறகுதான் அணி மறுபடி எழுந்தது. 2019இல் உலகக் கோப்பைக்கு வந்த முதல் கரீபியன் பெண்கள் அணி இதுதான். மூன்று ஆட்டத்திலும் தோல்வி, வாங்கிய கோல் 12, போட்டது ஒன்றே ஒன்று. அந்த ஒரு கோல் ஹவானா சொலான் போட்டது. 2023இல் அவருடைய அம்மாவே இணையத்தில் அணிக்காக நிதி திரட்ட வேண்டியிருந்தது. பயண ஏற்பாடு சரியில்லை, பயிற்சி வசதி இல்லை, பேசிய பணம் வரவில்லை என்று ஆட்டக்காரிகள் பகிரங்கக் கடிதம் எழுதிவிட்டுத்தான் ஆஸ்திரேலியாவுக்கு வந்தார்கள். நாட்டுக்காக ஆடுகிற பெண்ணின் அம்மா ஊரெல்லாம் கையேந்த வேண்டுமா? எனக்கு இன்னமும் ஆறவில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். அடுத்த சுற்றுக்குப் போக பிரேசில் ஜெயித்தே ஆக வேண்டும், ஜமைக்காவுக்கு டிரா போதும். ஜமைக்காவின் முதல் ஆட்டம் பிரான்சோடு 0-0. அதில் கேப்டன் கதீஜா ஷா சிவப்பு அட்டை வாங்கியதால் அவர் இல்லாமலே பனாமாவை 1-0 என்று வென்றிருந்தார்கள், அலிசன் ஸ்வாபி தலையால் முட்டிய கோலில். பிரேசிலோடு ஷா திரும்பி வந்துவிட்டார். பந்து பெரும்பாலும் பிரேசில் காலில்தான் இருந்தது. முன்னால் இருந்தவர் அலுத்துப்போய் போனைத் தோண்டிக்கொண்டிருந்தார். டிவியில் பார்த்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இந்த இருக்கையின் அருமை இடைவேளைக்குப் பிறகுதான் புரிந்தது. கோல்கீப்பர் ரெபெக்கா ஸ்பென்சர் எங்களுக்கு நேர் எதிரே. பந்து அந்தக் கோடியில் இருக்கும்போதும் அவர் கால் ஓயவில்லை. வலப்பக்கம் இரண்டடி, இடப்பக்கம் இரண்டடி. என்ன கத்துகிறார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை, ஆனால் கையுறை போட்ட கை எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் தற்காப்பு வரிசை அப்படியே நகர்ந்தது, கயிறு கட்டி இழுத்த மாதிரி. மகள் பந்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். "அம்மா, அவங்க பந்து வர்றதுக்கு முன்னாடியே வேலையை முடிச்சுடறாங்க" என்றாள். நாலு வருஷமாகப் பனியில் நின்று இவள் ஆட்டத்தைப் பார்க்கிற எனக்கு அது தெரியாமலே போயிருந்தது.

0-0. மூன்று ஆட்டத்தில் ஒரு கோலும் வாங்காமல் ஜமைக்கா அடுத்த சுற்றுக்குப் போனது. விசில் ஊதியதும் சிலர் புல்லில் விழுந்து அழுதார்கள். இதுதான் என் கடைசி உலகக் கோப்பை என்று சொல்லியிருந்த பிரேசில் நட்சத்திரம் மார்த்தாவுக்கும் அந்தப் போட்டி அதோடு முடிந்தது. பிரேசில் கொடி போர்த்தியிருந்த ஒரு பாட்டி எழுந்து நின்று இரண்டு அணிக்கும் கைதட்டினார்.

ஆறு நாள் கழித்து அதே மைதானத்தில் கொலம்பியாவிடம் 0-1 என்று தோற்றார்கள். அதற்கு டிக்கெட் கிடைக்கவில்லை, வீட்டில்தான் பார்த்தோம். ஆனால் நடுவில் வந்த சனிக்கிழமை மகளுக்கு ஆட்டம் இருந்தது. வழக்கமாக வாயே திறக்காதவள். அன்று கார் நிறுத்தி இறங்கும்போதே இவள் குரல் கேட்டது: "இடப்பக்கம் போ, இடப்பக்கம்!"