மாடி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்: ஒரு வருடம் படியேறியவனின் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெயரைப் போடப் போவதில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன், மாஸ்டர் குடும்பத்துக்கு அந்த மாடிதான் சோறு, அதனால் வேண்டாம். திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர், கீழே மருந்துக்கடை, மேலே இன்ஸ்டிட்யூட், படியேறும்போதே டக்டக்கென்று சத்தம் கேட்கும். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும்.

நான் போனது எனக்காக இல்லை. மகள் பத்தாவது பரீட்சை முடித்திருந்தாள், லீவில் சும்மா இருக்க வேண்டாமே என்று நம் ஊரில் எல்லா அப்பா அம்மாவும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பெயர் எழுதிக்கொண்டே மாஸ்டர், "நீங்க என்ன வேலை சார்?" என்றார். நூல் மில்லில் கணக்கு, நாள் முழுக்க கம்ப்யூட்டர்தான் என்றேன். "எத்தனை விரல்ல அடிக்கிறீங்க?" இரண்டு. பதினேழு வருடமாக இரண்டு விரல்தான், கீபோர்டைக் குனிந்து பார்த்துத்தான். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "காலைல ஆறரை பேட்ச்ல ஒரு மெஷின் காலியா இருக்கு" என்று மட்டும் சொன்னார். ரோஷத்தில் இரண்டு பேருக்கும் பணம் கட்டிவிட்டேன்.

என் சரித்திரம் தெரிந்தவர்கள் வீட்டில் பந்தயமே கட்டினார்கள். நான் பக்கா ஆரம்பசூரன். ஜிம்முக்கு ஒரு வருடப் பணம் கட்டி 11 நாள் போனவன், செல்போன் செயலியில் இந்தி படிக்க ஆரம்பித்து மூன்றாவது வாரம் அது அனுப்பும் அறிவிப்பையே நிறுத்தி வைத்தவன். ராத்திரி படுத்துக்கொண்டு விடாமுயற்சி பற்றிய வீடியோக்களை வரிசையாகப் பார்த்துவிட்டு மறுநாள் எட்டு மணிக்கு எழுந்திருக்கிற ஆள்.

முதல் வாரம் முழுக்க ஒரே வரிதான். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. ஒரு பக்கம் முடித்தால் இன்னொரு பக்கம், அதே வரி. கம்ப்யூட்டர் கீபோர்டு மாதிரி தொட்டால் போதாது, ஓங்கி அடிக்க வேண்டும், சுண்டுவிரலுக்கு அந்த பலம் வர எனக்கு ஒரு மாதம் ஆனது. அழிக்கவும் வழியில்லை. தப்பு அடித்தால் தப்பு தாளிலேயே நிற்கும், மாஸ்டர் சிவப்பு மையால் சுழித்துத் தேதி போட்டுக் கையில் கொடுத்துவிடுவார், நன்றாக அடித்தாய் என்றும் சொல்ல மாட்டார், மோசம் என்றும் சொல்ல மாட்டார். அந்தத் தாள்களை நான் தூக்கிப் போடவில்லை. ஜூலைத் தாளில் சிவப்பு அம்மை போட்ட மாதிரி இருக்கும், டிசம்பர் தாளில் ஏழெட்டு சுழிதான்.

மகள் ஜூனில் நின்றுவிட்டாள், பிளஸ் ஒன் ஆரம்பித்துவிட்டது என்று காரணம். மூன்றே வாரத்தில் என்னைத் தாண்டிப் போயிருந்தாள் என்பது வேறு விஷயம். நான் நிற்கவில்லை, ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்குள் திடீரென்று வைராக்கியமெல்லாம் வந்துவிடவில்லை. ஏழரை பேட்ச் பெண் ஒருத்தி ஏழு இருபத்தைந்துக்கே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பாள், அந்த ஒரு மணி நேரத்தை நீட்டவும் முடியாது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளவும் முடியாது. பக்கத்து மெஷினில் குரூப் 4க்குப் படிக்கிற ஒரு தங்கச்சி, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள், ஒரு நாள் போகாவிட்டாலும் "என்ன அண்ணா, நேத்து வரல?" என்று கேட்டுவிடுவாள். அவளுக்கு இது பொழுதுபோக்கு இல்லை, டைப்பிஸ்ட் பதவிக்கு தமிழிலும் ஆங்கிலத்திலும் பாஸ் செய்திருக்க வேண்டும், அதில் ஒன்றாவது ஹையராக, அதாவது முதுநிலைத் தேர்வாக இருக்க வேண்டும். அவளிடம் "சோம்பலா இருந்துச்சும்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செயலி அனுப்பும் அறிவிப்பை நிறுத்திவிடலாம், இதை எப்படி நிறுத்துவது?

நடுவில் விட்டுவிட இருந்தேன். லோயர் என்கிற இளநிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை வேண்டும், ஐந்து தட்டு ஒரு வார்த்தை என்று கணக்கு, பத்து நிமிடத்தில் 1500 தட்டு. ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை நான் 22ஐத் தாண்டவே இல்லை. கோபத்தில் வேகமாக அடித்தால் எழுத்தைத் தாளில் அடிக்கிற கம்பிகளில் இரண்டு ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், அதைப் பிரித்துவிட்டால் விரலெல்லாம் மை. மாஸ்டர் வந்து பார்த்தார், நான் புத்தகத்தைப் பார்க்காமல் இன்னும் கீயைத்தான் பார்க்கிறேன் என்று கண்டுபிடித்தார், மறுபடியும் ஏ எஸ் டி எஃப் வரிக்கே அனுப்பிவிட்டார். பத்து நாள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாக. நாற்பத்து மூன்று வயதில் பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு நடுவில் அந்த வரியை அடிப்பது எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஜனவரியில் 31 வந்தது.

சரி, குறைகள். 14 மெஷினுக்கு இரண்டு ஃபேன், அதில் ஒன்று ஓடுவதும் ஓடாததும் ஒன்றுதான். கழிப்பறை கிடையாது, பெண்கள் பாடு கஷ்டம். ரிப்பன் எழுத்தே தெரியாத அளவுக்குத் தேய்ந்த பிறகு சண்டை போட்டால்தான் மாறும். என் மெஷினில் ஆங்கில ஈ எழுத்து அடித்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஈயடிச்சான் காப்பி என்பார்களே, எனக்கு அது நிஜமாகவே நடந்தது. புது மெஷின் கேட்கவும் முடியாது, இந்தியாவில் 1955இல் டைப்ரைட்டர் செய்ய ஆரம்பித்த கோத்ரெஜ்கூட எப்போதோ நிறுத்திவிட்டது, ஒரு பழைய மெஷினின் உறுப்பைக் கழற்றித்தான் இன்னொன்றுக்குப் போட வேண்டியிருக்கிறது. எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது பண விஷயத்தில்தான். மாதம் 600 ரூபாய் நியாயம், ஆனால் பரீட்சை நேரத்தில் வேன் வாடகை, மெஷின் வாடகை என்று தனியாக ஒரு தொகை கேட்டார், சேரும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ரசீதும் தரவில்லை.

வேன் எதற்கு என்றால், பரீட்சைக்கு மெஷினை நாம்தான் கொண்டுபோக வேண்டும். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலையில் எல்லோரும் சேர்ந்து அந்தக் கனத்தை மாடியிலிருந்து இறக்கி ஏற்றிக்கொண்டு பாலிடெக்னிக்குக்குப் போனோம். ஹாலில் எல்லா மெஷினும் ஒன்றாக ஓட ஆரம்பித்தபோது எனக்கு எங்கள் மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் மெஷின்களின் சத்தம்தான் நினைவுக்கு வந்தது, அதனாலோ என்னவோ கை நடுங்கவில்லை. வேகத்துக்கான ஸ்பீடு பேப்பரை முடித்துவிட்டேன். கடிதம் அடிக்கிற லெட்டர் பேப்பரில் சொதப்பினேன்.

யாருக்கு இது சரிப்படும்? கம்ப்யூட்டரில் வேகமாக அடித்தால் போதும் என்றால் இணையத்தில் இலவசமாகவே பழகலாம், இந்தப் படியேற வேண்டாம். அரசு வேலைக்கு முயல்கிறவர்களுக்குச் சான்றிதழ் வேண்டும், வேறு வழியில்லை. என்னைப் போல எதையும் முடிக்காத ஆட்கள் ஆறரை பேட்ச் கேட்டு வாங்குங்கள், சாயங்கால பேட்ச் வேண்டாம், சாயங்காலத்துக்குச் சாக்குகள் அதிகம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்த ரசீதுக்காக.

போன மாதம் ரிசல்ட் வந்தது, செகண்ட் கிளாஸ். இப்போது தமிழ் லோயர் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் க் அடிக்க வேண்டுமென்றால் முதலில் புள்ளியை அடிக்க வேண்டும், அதற்குத் தாள் நகராது, அப்புறம் அதே இடத்தில் க. இரண்டு வாரமாக நான் க அடித்துவிட்டுப் புள்ளியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.