"லேடீஸ் ஜெல் சீற்" என்று விற்கிறார்கள்: மட்டக்களப்பில் சைக்கிள் சீற் வாங்கப்போகும் பெண்கள் கவனத்துக்கு

மட்டக்களப்பு டவுனில் ஒரு சைக்கிள் கடையில் "லேடீஸ் ஜெல் சீற்" என்று சொல்லி ஒரு சீற்றை எனக்கு 5,500 ரூபாவுக்கு விற்றார்கள். அதில் ஜெல்லும் இல்லை, அது பெண்களுக்கென்று செய்ததும் இல்லை. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் அதே சீற் வேறு கடைகளிலும் அதே ஸ்டிக்கரோடு தொங்குவதைக் கண்டபிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. சைக்கிள் ஓடுகிற அக்கா தங்கச்சிமார் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். சில விஷயங்களைப் பச்சையாகத்தான் எழுதப்போகிறேன். எழுதாமல் மறைத்தால் இந்தப் பதிவால் ஒரு பிரயோசனமும் இல்லை.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் காய்ந்த காலத்தில் ஸ்கூட்டியை மூடிவைத்துவிட்டு அம்மாவின் பழைய லேடீஸ் சைக்கிளை எடுத்தவள் நான். பிறகு பெற்றோல் தாராளமாக வந்தும் சைக்கிளை விடவில்லை. வீடு கல்லடியில், கந்தோர் டவுனில். ஏற்றம் இறக்கம் இல்லாத ஊர், பாலத்தில் வாவிக் காற்று. சைக்கிள் ஓட இதைவிட நல்ல ஊர் வேண்டுமா?

அந்தச் சைக்கிளில் இருந்தது பின்னுக்கு இரண்டு ஸ்பிரிங் வைத்த அகலமான பழைய சீற். உறை கிழிந்து போயிருந்தது. மாரி காலத்தில் உள்ளே இருக்கும் ஸ்பொன்ஜ் தண்ணியைக் குடித்து வைத்திருந்து, கந்தோருக்குப் போய் இறங்கும்போது சாரியின் பின்பக்கம் நனைந்திருக்கும். இடப்பக்க ஸ்பிரிங் ஆடுகிறது என்று என் கணவர் அதைச் சுற்றி நீல வயர் ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தார். மற்றபடி அதில் இருந்து ஓடியதில் எனக்கு ஒரு நோவும் வந்ததில்லை. உறை மாற்றத்தான் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சீற்றைத் தட்டிப் பார்த்தார். "இது முடிஞ்சுது ரீச்சர். ஸ்பிரிங் போச்சு, அடித்தகடும் கறள். உறை போட்டாலும் ஒரு மாசம் தாங்காது" என்றார். நான் ரீச்சர் இல்லை. சாரி கட்டிக்கொண்டு சைக்கிளில் வருகிற எல்லோரும் அவருக்கு ரீச்சர்தான். உள்ளேயிருந்து ஒரு பெடியன் ரோஸ் நிறக் கரை வைத்த சீற் ஒன்றைக் கொண்டுவந்தான். "பொம்பிளையளுக்கெண்டே செய்த சீற் அக்கா. முழுக்க ஜெல். நடுவில பாருங்க, காத்துப் போக வழி விட்டிருக்கு. ஜப்பான்காரன்ட புது டெக்னோலஜி." நான் அளவு கேட்டேன். பெண்களுக்கு ஒரே அளவுதான் வரும் என்று சொன்னான். இதுதான் முதல் பொய், இதுதான் பெரிய பொய்யும். பில் கேட்டதற்குப் புத்தகம் முடிந்துவிட்டது என்றார்கள். பழைய சீற்றைக் கேட்டேன். "அது இரும்புக்குத்தான் போகும், இஞ்ச கிடக்கட்டும்" என்று மேசைக்குக் கீழே போட்டார்கள்.

முதல் கிழமை சுகமாகத்தான் இருந்தது. இருக்கும்போது புதைகிற மாதிரி மெத்தென்று இருக்கும். பிறகு தொடங்கியது. பாலம் தாண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பும்போதே முன்பக்கம் விறைத்துப்போகும். இறங்கி நின்று கொஞ்ச நேரம் போனால்தான் உணர்வு திரும்பும். தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் தோல் உரிந்தது. கச்சான் காற்று வீசுகிற வெக்கையில் வேர்வையும் பட்டு, குளிக்கும்போது தண்ணி பட்டால் எரியும். சிறுநீர் போகும்போதும் எரிவு.

எங்கள் பகுதி மிட்வைஃப் அக்காவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வியே "சைக்கிள் சீற் மாத்தினியா?" என்பதுதான். விறைப்பை ஒருபோதும் அலட்சியமாக விடக்கூடாது என்றார். எலும்பில் போகவேண்டிய பாரம் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள மெல்லிய சதையில் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். சிறுநீர் எரிவுக்கு அடுத்த நாளே கிளினிக்குக்கு அனுப்பினார். உங்களுக்கும் இப்படி இருந்தால் "சைக்கிள் ஓடினா அப்பிடித்தான்" என்று இருந்துவிடாதீர்கள். அப்படி இல்லை. சரியான சீற்றில் விறைக்காது.

கடைக்குத் திரும்பிப் போனேன். நாலைந்து ஆம்பிளைகள் நின்ற நேரம். நோகிறது, மாற்றித் தாருங்கள் என்றேன். அந்தப் பெடியன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "எங்க அக்கா நோகுது?" என்றான். பின்னால் ஒருவர் சிரித்தார். முதலாளி அவனை ஒரு வார்த்தை அதட்டவில்லை. "பழகப் பழகச் சரியாகும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். எங்கே நோகிறது என்று ஒரு பெண் கடையில் வாய் திறந்து சொல்லமாட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வெட்கத்தை நம்பித்தான் இந்தச் சாமானை விற்கிறார்கள். ரிம் வளைந்தால் கொண்டுபோய்ச் சண்டை பிடிப்போம், பிறேக் பிடிக்காவிட்டால் சண்டை பிடிப்போம். சீற் சரியில்லை என்றால் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்போம்.

வீட்டுக்கு வந்து சீற்றைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டேன். அடியில் உறையை மடித்துக் குத்தியிருந்த பின்களை ஸ்குறூட்ரைவரால் ஒவ்வொன்றாகக் கிளப்பினேன். உறைக்குக் கீழே மஞ்சள் ஸ்பொன்ஜ். விரலால் கிள்ளினால் தூளாக வருகிறது. ஜெல் என்று ஒரு சொட்டும் இல்லை. "காத்துப் போற வழி" என்று காட்டினானே, அது உறையின் மேல் தைத்த கறுப்புப் பட்டி மட்டும்தான். கீழே ஸ்பொன்ஜிலும் வெட்டு இல்லை, பிளாஸ்டிக் தட்டிலும் ஓட்டை இல்லை. சீற்றைத் தாங்குகிற அடிக்கம்பி நுழைகிற இடத்தில் அந்தத் தட்டு ஏற்கனவே வெடித்திருந்தது.

அந்த நடுவெட்டு ஜப்பான்காரனின் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1890களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் பெருமளவில் சைக்கிள் ஓடத் தொடங்கிய நாட்களிலேயே நடுவில் இடைவெளி விட்ட சீற்றுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. மெல்லிய சதையில் பாரம் விழாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. உண்மையான வெட்டு பலருக்கு நல்ல சுகம் தரும். அதனால் வாங்கும்போது விரலை விட்டுப் பாருங்கள். பட்டி தைத்ததா, பள்ளம் உண்டா என்பது உடனே தெரிந்துவிடும்.

அளவு விஷயத்தைத்தான் எல்லோருக்கும் விளக்கமாகச் சொல்லவேண்டும். நாம் நிமிர்ந்து இருக்கும்போது உடம்பின் பாரம் இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகளில் இறங்குகிறது. கட்டைக் கதிரையில் கைகளை அடியில் வைத்து இருந்து பார்த்தால் அந்த முனைகள் கையில் படும். சீற் தாங்கவேண்டியது அந்த இரண்டையும்தான். பெண்களின் இடுப்பு பொதுவாக அகலம் என்பதால் அந்த இடைவெளியும் சராசரியில் ஆண்களைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஒல்லியான பெண்ணுக்கு அகலமாகவும் பருமனான பெண்ணுக்கு ஒடுக்கமாகவும் இருக்கலாம், வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்லமுடியாது. பெரும்பாலும் 10 முதல் 15 சென்ரிமீற்றருக்குள் வரும். இதில் "பெண்களுக்கு ஒரே அளவு" எங்கிருந்து வந்தது?

வீட்டிலேயே அளக்கலாம். ரீவிப் பெட்டி, பிறிட்ஜ் பெட்டி மாதிரி உள்ளே நெளிவு வைத்த காட்போட் மட்டையில் ஒரு துண்டு எடுங்கள். குந்திலோ சீமெந்துப் படியிலோ போட்டு, மெல்லிய உடுப்போடு அதில் நிமிர்ந்து இருங்கள். கால்களைச் சின்ன ஸ்ரூலில் வைத்தால் முழங்கால் உயர்ந்து எலும்பு நன்றாக அழுத்தும். கொஞ்ச நேரம் இருந்து எழும்பினால் மட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும். தெரியாவிட்டால் லைட்டைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள், அல்லது விரலால் தடவுங்கள். இரண்டின் நடுவிலும் பேனையால் புள்ளி வைத்து அடிமட்டத்தால் அளவுங்கள். எனக்கு 13 வந்தது. நம்மைப்போல் நிமிர்ந்து இருந்து லேடீஸ் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு சீற்றின் பின்பக்கம் அதைவிட மூன்று நாலு சென்ரிமீற்றராவது அகலமாக இருக்கவேண்டும். ஹான்டிலில் குனிந்து வேகமாக ஓடுகிறவர்களுக்கு அவ்வளவு தேவையில்லை. குனியும்போது இடுப்பு முன்னால் சரிந்து எலும்பின் ஒடுங்கிய பகுதியில் பாரம் போகும்.

எனக்கு விற்ற சீற்றின் பின்பக்க அகலம் 15. விளிம்பு இரண்டு பக்கமும் வளைந்து இறங்குவதால் உண்மையில் எலும்பு நிற்கக்கூடிய இடம் 12கூட இல்லை. குனிந்து ஓடுகிற ஸ்போர்ட்ஸ் சைக்கிளுக்குச் செய்த ஒடுக்கமான சீற் அது. ரோஸ் கரை போட்டதும் அது லேடீஸ் சீற் ஆகிவிட்டது. என் எலும்பு இரண்டும் விளிம்பில் வழுக்கிக்கொண்டிருக்க, முழுப் பாரமும் நடுவில் போயிருக்கிறது.

மெத்தென்று இருந்தால் நல்லது என்ற நம்பிக்கையையும் தயவுசெய்து விடுங்கள். கடையில் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து மெதுவாக இருக்கிறதே என்று எடுத்துவிடுவோம். தடித்த மெத்தையில் எலும்பு புதையும்போது நடுவில் உள்ள ஸ்பொன்ஜ் மேலெழும்பி மெல்லிய சதையைத்தான் அழுத்தும். சந்தைக்குப் போய்வருகிற சின்னத் தூரத்துக்கு அது சுகம், தினமும் ஓடுகிறவர்களுக்கு அது வில்லங்கம். கொஞ்சம் இறுக்கமான, எலும்பைத் தாங்குகிற சீற்தான் நல்லது. மேலே மாட்டுகிற ஜெல் உறைகளும் இதே கதைதான். போதாததற்கு ஓடும்போது இடம் நகர்ந்து உரசும்.

பூட்டுவதிலும் கவனியுங்கள். என் சீற்றின் மூக்கை மேல்நோக்கி வைத்துப் பூட்டியிருந்தார்கள், அதுவே பாதி நோவுக்குக் காரணம். சீற்றின் மேல் நீளமான அடிமட்டமோ கொப்பியோ வைத்துப் பார்த்தால் தரைக்கு மட்டமாக நிற்கவேண்டும். மூக்கை அதிகம் தாழ்த்தினாலும் முன்னால் வழுக்கி, மணிக்கட்டு நோகத் தொடங்கும். உயரமும் முக்கியம். இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்று நம்மில் அநேகம்பேர் சீற்றை ஆகக் கீழே இறக்கி வைத்திருக்கிறோம். அப்படி வைத்தால் கால் பெடலில் பாரம் எடுக்காது, எல்லாம் சீற்றில்தான் இறங்கும். குதிக்காலை பெடலில் வைத்து, பெடல் ஆகக் கீழே போகும்போது கால் நேராக நீளும் உயரம்தான் சரி. நிறுத்தும்போது சீற்றிலிருந்து முன்னால் இறங்கிக் கால் ஊன்றப் பழகுங்கள். சாரியோ ஹபாயாவோ உடுத்து ஓடுகிறவர்களுக்கு மூக்கு கட்டையான சீற் வசதி, துணி சிக்காது, தொடையிலும் உரசாது.

கடைக் கதையை முடிக்கிறேன். அடுத்த முறை என் மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனேன். கழற்றிய சீற்றை மேசையில் போட்டு, "தொடை இடுக்குத் தோல் உரிஞ்சிருக்கு, முன்பக்கம் விறைக்குது. இதில ஜெல் எங்க, காட்டுங்க" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. கழற்றிய சாமானை எடுக்கமாட்டோம் என்றார் முதலாளி. மச்சாள்தான் சுவரைக் காட்டினாள். என் பழைய சீற் புதுக் கறுப்பு உறை போட்டு அங்கே தொங்குகிறது. இடப்பக்க ஸ்பிரிங்கில் என் கணவர் கட்டிய நீல வயர் அப்படியே இருக்கிறது. விலை கேட்டால் 1,800 ரூபா என்று பெடியன் சொன்னான். ஒரு மாதம் தாங்காது, கறள் பிடித்தது என்று சொன்ன அதே சீற்.

மச்சாள் போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்களும் நின்று பார்த்தார்கள். பழைய சீற்றைக் கழற்றித் தந்தார்கள். 5,500 ரூபாவில் ஒரு சதமும் திரும்பவில்லை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்தும் சொல்லலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நாங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தந்தே ஆகவேண்டும், இல்லாததை இருக்கிறதென்று சொல்லி விற்பதும் குற்றம். பில் புத்தகம் முடிந்தது என்றால் வெள்ளைத்தாளில் சாமானின் பெயர், விலை, திகதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், "ஜெல்" என்ற சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். அதை எழுதத் தயங்கினால் அந்தக் கடையில் வாங்கவேண்டாம். புதுச் சீற் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பழையதைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

ரோஸ் கரையும் நடுவில் கறுப்புப் பட்டியும் உள்ள சீற்றை ஏற்கனவே வாங்கியவர்கள் அதைக் கவிழ்த்து, அடிக்கம்பி நுழைகிற இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டு உடைந்தால் கம்பி மேலே குத்தும்.