ஒரே ஒரு தொகுதி யாருக்கு: சந்தை விலையா, நிபுணர் மதிப்பீடா?

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் ஒரு தொகுதியை யார் பிடிப்பார்கள் என்று பார்க்க மூன்று வழி இருக்கிறது. கால்ஷி, பாலிமார்க்கெட் மாதிரியான கணிப்புச் சந்தைகள் (சொன்னது நடந்தால் ஒரு டாலர் தரும் ஒப்பந்தத்தை இங்கே வாங்கி விற்பார்கள்; 50 சென்ட் விலை என்றால் 50% வாய்ப்பு என்று அர்த்தம்); குக் பொலிட்டிக்கல் ரிப்போர்ட் மாதிரியான நிபுணர் மதிப்பீடுகள்; கருத்துக்கணிப்பையும் பழைய முடிவுகளையும் கலந்து சதவீதம் சொல்லும் மாடல்கள். 2024-இல் மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நான் குக் பக்கம் வந்துவிட்டேன். 2026 நவம்பர் 3 தேர்தலுக்கும் அதுதான்.

மாடல்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு தொகுதிக்கென்று எடுக்கப்படும் கருத்துக்கணிப்பே சொற்பம். 2022-இல் வாஷிங்டன் 3-ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் ஜோ கென்ட்டுக்கு 100-க்கு 98 வாய்ப்பு என்றது ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளத்தின் மாடல். ஜெயித்தது ஜனநாயகக் கட்சியின் மேரி க்ளூசன்காம்ப் பெரெஸ். நிபுணர்களும் அங்கே குடியரசுக் கட்சிக்குத்தான் கை காட்டியிருந்தார்கள், மறைப்பானேன். ஆனாலும் 98 என்று அடித்துச் சொல்லிவிட்டுத் தவறுவது வேறு ரகம்.

சந்தைக்கு வருவோம். பாலிமார்க்கெட்டில் ஒரு தொகுதிப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். 46 சென்டுக்கு வாங்க ஆள் இருக்கிறது, 54 சென்டுக்கு விற்க ஆள் இருக்கிறது என்று வையுங்கள். மேலே பெரிதாகத் தெரிவது 50%, அதாவது இரண்டுக்கும் நடு. 54-இல் நின்றவர் ஆர்டரை வாபஸ் வாங்கிவிடுகிறார். அடுத்த ஆள் 58-இல் நிற்கிறார். இடைவெளி 10 சென்டைத் தாண்டினால் அந்தத் தளம் நடு விலையை விட்டுவிட்டுக் கடைசியாகக் கைமாறிய விலையைக் காட்டும். நேற்று யாரோ 55-க்கு வாங்கியிருந்தால் இப்போது 55%. தொகுதியில் ஒரு ஓட்டும் அசையவில்லை, வேட்பாளர் வாயே திறக்கவில்லை. 'ஐந்து புள்ளி முன்னேற்றம்' என்று ஒருவர் ட்வீட் போட்டுவிடுவார்.

பங்குச் சந்தையில் கை வைத்தவர்களுக்கு இந்த ஸ்ப்ரெட் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி) சமாச்சாரம் புதிதல்ல. 54-க்கு வாங்கி மனசு மாறி உடனே விற்றால் 46 தான் கிடைக்கும். போட்ட காசில் ஏழில் ஒரு பங்கு அங்கேயே காலி. கால்ஷியில் இதற்கு மேல் கட்டணமும் உண்டு: 50 சென்ட் விலையில் 100 ஒப்பந்தத்துக்கு 1.75 டாலர். அதனால் விவரம் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை, வராததால் இடைவெளி குறைவதும் இல்லை. 2024 அதிபர் தேர்தலுக்குப் பாலிமார்க்கெட்டில் 300 கோடி டாலருக்கு மேல் கைமாறியது. அந்த விலையை நானும் மதிக்கிறேன். சபை யார் கைக்குப் போகும் என்ற சந்தையும் பரவாயில்லை. தனித் தொகுதிக்கு அந்த ஆழம் கிடையாது.

கலிபோர்னியா 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மெர்செட் பக்கத்து விவசாயத் தொகுதி. 2022-இல் ஜான் டுவார்ட்டே 564 ஓட்டில் ஆடம் கிரேயைத் தோற்கடித்தார். 2024-இல் அதே இருவர். குக் 'டாஸ்-அப்', அதாவது யார் பக்கமும் போகலாம் என்று வைத்தது. இரண்டு லட்சத்துக்கும் மேல் விழுந்த ஓட்டில் கிரே 187 ஓட்டில் ஜெயித்தார். இப்படிப்பட்ட இடத்தில் 'சொல்ல முடியாது' என்பதுதான் சரியான விடை. 53, 47 என்ற எண்கள், உண்மையில் இல்லாத துல்லியத்தைக் காட்டுகின்றன.

ஒரு இடத்தில் மட்டும் சந்தை கண்டிப்பாக மேல்: வாக்கு எண்ணும் இரவு. மதிப்பீடு முந்தின நாளோடு உறைந்துவிடும். விலையோ, கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கவுண்டியாக முடிவு வர வர ஓடும். கலிபோர்னியாவில் தேர்தல் நாளுக்குள் முத்திரை விழுந்த தபால் ஓட்டு ஏழு நாள் வரை வரலாம், அந்த 13-க்கு 2024-இல் டிசம்பர் 3 வரை முடிவு தெரியவில்லை. அத்தனை நாள் பணத்தை முடக்கிவைத்து வியாபாரம் செய்கிறவர்களுக்கு வேறு கணக்கு இருக்கலாம். நான் வேடிக்கை பார்த்தவன்தான், காசு போட்டதில்லை.

இப்போதும் தொகுதி விலையை எட்டிப் பார்க்கிறேன். ஆனால் முதலில் திறப்பது ஆர்டர் புக், அதாவது யார் என்ன விலைக்கு வாங்க, விற்க நிற்கிறார்கள் என்ற பட்டியல். இடைவெளி 3 சென்டுக்கு மேல் இருந்தால் மூடிவிட்டுக் குக்கின் பட்டியலுக்குப் போய்விடுவேன்.