டர்பன் மால் 'குடும்பப் பெயர் வரலாறு' ஃப்ரேம்: வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாலில், குடும்பப் பெயரின் பொருளை அச்சிட்டு ஃப்ரேம் போட்டு விற்கிறார்கள். அச்சும் காகிதமும் அருமை, விஷயம்தான் அரைகுறை. 'க்ரூகர்' என்ற ஜெர்மன் பெயருக்கான ஃப்ரேமில் 'குயவர்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். வட ஜெர்மனியில் க்ரூக் என்றால் பீர் விற்கும் சத்திரம். அதை நடத்தியவர்தான் க்ரூகர். ஜாடி செய்பவர், விற்பவர் என்ற பொருள் சில வட்டாரங்களில்தான். பழைய டிரான்ஸ்வால் குடியரசின் ஜனாதிபதியாக இருந்த பால் க்ரூகரின் மூதாதை யாக்கோப் 1713-ல் பெர்லினிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு வந்ததைச் சரியாகவே போட்டிருக்கிறார்கள். கூடவே கேடயச் சின்னம் வேறு! சின்னம் ஒரு பரம்பரைக்கு உரியது; அதே பெயர் வைத்திருக்கிற எல்லாருக்கும் அல்ல.

கோவெண்டர், மூட்லி என்று நம்மவர் பெயர்களுக்கும் ஃப்ரேம் உண்டு. வாங்குமுன், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதி) வந்தவர்களின் கப்பல் பட்டியலில் மூதாதையரின் காலனி எண்ணை, அதாவது அவருக்குக் கொடுத்த பதிவு எண்ணை, தேடுங்கள். தகப்பன் பெயர், ஊர், ஜில்லா அதில் கிடைக்கும். நம்மில் பலருக்குத் தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. அவர்களுக்குத் தொழில் விளக்கம் பொருந்தாது, காசு தண்டம்.