ஐஸா, உப்பா, வெயிலா: எந்த மீனுக்கு எது?

மீன் உடம்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். கிருமிகள் பெருகுவது அந்த ஈரத்தை நம்பித்தான். ஐஸ் கிருமியை மந்தமாக்குகிறது, உப்பு தண்ணீரைக் கட்டிப்போடுகிறது, வெயில் அதை வெளியேற்றிவிடுகிறது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீன் கெடாமல் இருக்க எது நல்லது என்று கேட்டால் அவரவர் வீட்டுப் பழக்கத்தைத்தான் சொல்வார்கள். என் கணக்கு வேறு. மீனின் கொழுப்பையும் பருமனையும் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

முதலில் ஐஸ். "ஐஸ் கரையுறது காசு கரையுற மாதிரி" என்று படகுக்காரர்கள் புலம்புவார்கள். ஆனால் ஐஸ் வேலை செய்வதே கரையும்போதுதான். ஒரு கிலோ ஐஸ் கரைய 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதே ஒரு கிலோ குளிர்ந்த தண்ணீர் பூஜ்யத்திலிருந்து 10 டிகிரிக்கு ஏறினாலும் இழுப்பது வெறும் 10. முப்பது டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவே மூன்றில் ஒரு பங்கு கிலோ ஐஸ் போய்விடும். அப்புறம் பெட்டிக்குள் நுழையும் வெயிலோடு வேறு மல்லுக்கட்ட வேண்டும். மீனுக்குச் சமமாக ஐஸ் போடச் சொல்வது இதனால்தான். பாளமாகப் போட்டால் மீனைத் தொடும் பரப்பு குறைவு. உடைத்துப் போட வேண்டும். கரைந்த தண்ணீர் வடிய பெட்டியின் அடியில் ஓட்டையும் வேண்டும், இல்லையென்றால் மீன் தன் இரத்தத் தண்ணீரிலேயே ஊறும்.

சூரை, அயிலை, சாளைக்கு ஐஸ் கட்டாயம். வெயிலில் கிடந்தால் இவற்றின் சதையில் ஒவ்வாமை மாதிரித் தொல்லை தரும் ஹிஸ்டமின் உருவாகும். உடம்பு தடித்து, முகம் சிவந்து, தலைவலி வரும். அந்த ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, பிறகு ஐஸில் போட்டாலும் போகாது. குழம்பு மணமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

அடுத்து உப்பு. கிருமிக்கு எந்த அளவு தண்ணீர் கைக்கெட்டும் என்பதை நீர்ச் செயல்பாடு என்பார்கள். சுத்தமான தண்ணீருக்கு அதை 1 என்று வைத்தால், பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.9க்கு மேல் வேண்டும். இனி கரையாது என்கிற அளவுக்கு உப்புக் கரைந்த தண்ணீரில் அது 0.75தான். சீலா மாதிரி பெரிய மீனை முதுகுப் பக்கம் பிளந்து, சதையைக் கீறி உப்பைத் திணிப்பது உள்வரை அந்த நிலையைக் கொண்டுபோகத்தான். உப்பில்லாமல் காயப்போட்டால் மேல்தோல் சட்டென்று இறுகிப் பூட்டிக்கொள்ளும். உள்ளே ஈரம் நின்று நாறும்.

உப்புக்கும் ஒரு எதிரி உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் அரை கிலோ சீலாக் கருவாடு வாங்கி டின்னில் போட்டேன். பத்து நாளில் திறந்தால் ரோஸ் நிறத்தில் கொழகொழவென்று படை. "கழுவி வெயில்ல போடுய்யா, சரியாயிரும்" என்றார் அப்பத்தா. எனக்கு மனசு வரவில்லை, கொட்டிவிட்டேன். அது உப்பை விரும்பும் கிருமி. கோடையில் உப்பளப் பாத்தி சிவப்பதும் அந்த இனத்தால்தான், உப்போடு சேர்ந்தே வீட்டுக்கு வரும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் நம் கரையில் அதற்குக் குறைவாக இருப்பது எப்போது?

நெத்திலிக்கு வெயில் போதும். ஒல்லி உடம்பு, நல்ல வெயிலில் உப்பில்லாமலே காயும். மணலில் கொட்டியதையும், வலை கட்டிய பந்தலில் காய்ந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பந்தலில் அடியிலிருந்தும் காற்று வரும், மண் இருக்காது. வளைத்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும். துவண்டால் இன்னும் ஈரம். மணல் நெத்திலி விலை குறைவுதான், ஆனால் மண்ணையும் சேர்த்தல்லவா நிறுத்து வாங்குகிறோம்? சாளையை மட்டும் இப்படிக் காயவைக்காதீர்கள். அதன் எண்ணெய் காற்றுப் பட்டு மஞ்சளாகிச் சிக்கு வாடை அடிக்கும். ஒமேகா-3 கொழுப்பும் அதோடு வீணாகும்.

கருவாட்டில் மீனைவிட மூன்று மடங்கு புரதம் என்று பெருமை பேசுகிறவர்கள் தட்டைப் பார்ப்பதில்லை. தண்ணீர் போனதால் கூடிய கணக்கு அது. பச்சை மீன் 100 கிராம் தின்றால் சுமார் 18 கிராம் புரதம். உப்பில்லாத நெத்திலிக் கருவாடு 20 கிராம் தின்றால் ஏறக்குறைய 12. முள்ளோடு தின்பதால் கால்சியம் கிடைப்பது நிஜமான லாபம். உப்புக் கருவாடு என்றால் சங்கதி வேறு. அதில் உப்பு 15 சதவீதம் என்று வைத்தாலும் 20 கிராமில் 3 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுக்கச் சொல்வதே 5 கிராமுக்குள். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசினால் கொஞ்சம் இறங்கும்.

வீட்டு ஃப்ரீசர் அவசரத்துக்குத்தான். மெதுவாக உறைவதால் பெரிய பனித்துகள்கள் சதையைக் கிழிக்கும், வெளியே எடுத்ததும் தண்ணீர் விட்டுச் சக்கையாகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகு ஓடாத 61 நாளுக்கு எங்கள் வீட்டில் பந்தல் நெத்திலியும் கொஞ்சம் சீலாவும் இருக்கும். திருக்கை மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அதன் சதையிலேயே யூரியா உண்டு, வைக்க வைக்க அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். ஐஸில் வைத்தாலும் நாளாக ஆக வாடை ஏறும், உப்புப் போட்டால் வடியும் தண்ணீரோடு யூரியா ஓரளவு வெளியே வரும். அந்த வாடையோடுதான் கருவாடே ருசி என்று அப்பத்தா அதை ஒரு ஓரமாகச் சுட்டுக்கொண்டிருப்பார்.