செவ்வாய்ப்பேட்டை செக்குக் கடை பீனட் பட்டர்: உடம்பு குறைக்கிறவர்களுக்கு ஆகுமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லீ பஜாரை ஒட்டிய தெருவில் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை இருக்கிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று ஆட்டிக் கொடுத்துவந்தவர்கள், இப்போது வறுத்த வேர்க்கடலையைக் கண்ணெதிரே அரைத்துப் பீனட் பட்டராகவும் தருகிறார்கள். இனிப்பு கிடையாது, உப்பு கிடையாது, வேறு எண்ணெய் கிடையாது. உடம்பைக் குறைத்துக்கொண்டிருக்கும் நான் இதைத்தான் வாங்குகிறேன். பட்டறையிலும் வீட்டுப் பக்கத்திலும் பல பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். பொருள் நல்ல பொருள். ஆனால் எடை போட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் நான் இதைச் சிபாரிசு செய்வேன். கண்ணளவில் எடுத்துச் சாப்பிடுகிற பழக்கம் இருந்தால், உடம்பு இறங்கும்வரை இதை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே மேல்.

நான் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் எடையும் கணக்கும் பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மாலைவரை உட்கார்ந்த வேலைதான். மூன்று வேளைச் சாப்பாட்டைவிட எனக்குச் சிக்கலான நேரம் மாலை நாலரை மணி. அந்த நேரத்துக்குப் பசி வரும், டீ வரும், டீயோடு தெருமுனை வண்டியிலிருந்து தட்டுவடை செட்டோ நொறுக்கலோ வரும். சேலத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தட்டுவடை செட்டின் மேல் எந்தக் கோபமும் இல்லை. ஆனால் எண்ணெயில் பொரித்ததைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டு உடம்பு இறங்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. இரவுச் சாப்பாடு வரைக்கும் பசியைத் தாங்குகிற மாதிரி, கொஞ்சமாக, பையில் எடுத்துப்போகக்கூடிய ஒன்று தேவைப்பட்டது. அந்த இடத்துக்குத்தான் இது வந்தது.

முதலில் அரைக்கிற விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கடையின் தரமே அதில்தான் இருக்கிறது. பருப்பைத் தாம்பாளத்தில் கொட்டி, சுருங்கியது, கருத்தது, பூஞ்சை பிடித்த மாதிரி நிறம் மாறியது எல்லாவற்றையும் ஒரு அம்மா கையாலேயே பொறுக்கி எடுக்கிறார். இதைச் சாதாரண வேலையாக நினைத்துவிடக் கூடாது. ஈரம் பட்ட வேர்க்கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கக்கூடியது, வறுத்தாலும் முழுசாகப் போகாது. முழுக் கடலையாகச் சாப்பிடும்போது கசந்தால் துப்பிவிடலாம். அரைத்துவிட்டால் ஒரு கெட்ட பருப்பு பாட்டில் முழுக்கக் கலந்துவிடும். அதனால் எந்தக் கடையில் வாங்கினாலும், பருப்பைப் பொறுக்குகிறார்களா என்று ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பொறுக்கியதை வறுத்து, தோலை ஊதித் தள்ளிவிட்டு மெஷினில் போடுகிறார்கள். முதலில் பொடியாகும், அப்புறம் உருண்டை உருண்டையாகத் திரளும், இன்னும் ஓட ஓடக் கடலையின் சொந்த எண்ணெயே வெளியே வந்து கூழாக இளகும். வெளியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றத் தேவையே இல்லை. அரைத்த சூட்டோடு மூடித் தரச் சொன்னால் கடைத் தம்பி தரமாட்டார். "ஆறட்டும்க்கா, இப்பவே மூடினா உள்ள வேர்த்துடும்" என்பார். மூடிக்குள் தண்ணீர் கோத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அந்தக் கடைமேல் நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாள் வைத்தால் மேலே எண்ணெய் நிற்கும். பட்டறையில் ஒரு அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எண்ணெயைக் கலந்து கொடுத்திருக்கான்" என்றார். உண்மை நேர் எதிர். வேறு எதுவும் சேர்க்காததால்தான் எண்ணெய் பிரிந்து மேலே வருகிறது. அமெரிக்காவில் ஜோசப் ரோஸ்ஃபீல்டு என்பவர் 1920-களில் ஹைட்ரஜனேற்றிக் கெட்டியாக்கிய எண்ணெயைச் சேர்த்து அது பிரியாமல் நிற்க வழி கண்டுபிடித்தார். கடையில் வாங்கும் பல பாட்டில்கள் மாதக் கணக்கில் ஒரே சீராக, பளபளவென்று இருப்பதற்கு இந்த மாதிரிச் சேர்மானம்தான் காரணம். செக்குக் கடைப் பொருளை அடிவரைக்கும் கிளறிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மேலே நிற்கும் எண்ணெயைக் கொட்டிவிட்டால் கொழுப்பு குறையும் என்று சிலர் கொட்டுகிறார்கள். கொஞ்சம் குறையும்தான். ஆனால் அடியில் மிஞ்சுவது காய்ந்த களிமண் போல இறுகி, எதனோடும் சேராமல் வீணாகிவிடும்.

இனி எடைக் கணக்கு. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

எதுவும் சேர்க்காத பீனட் பட்டர் 100 கிராமில் ஏறக்குறைய 590 கலோரி இருக்கிறது. கொழுப்பு 50 கிராம், புரதம் 22 முதல் 25 கிராம். தலை வழித்த ஒரு பெரிய கரண்டி 15, 16 கிராம் வரும், அதாவது சுமார் 90 கலோரி. மாலைப் பசிக்கு இது தாராளம். ஆனால் பாட்டிலுக்குள் கரண்டியை விட்டு யாராவது தலை வழித்து எடுக்கிறார்களா? இது ஒட்டுகிற பொருள், கரண்டியின் முதுகில்கூட ஏறிக்கொண்டு வரும். வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன், இயல்பாக அள்ளிய ஒரு கரண்டி 30 கிராமைத் தாண்டியது. ஒரு கரண்டி என்று எழுதிக்கொண்டு இரண்டு கரண்டி சாப்பிடுவதுதான் நடக்கிறது. தினமும் அப்படிக் கூடுதலாகப் போகும் 90 கலோரி மாதத்தில் 2700 ஆகிறது. உடம்பில் ஒரு கிலோ கொழுப்புக்குத் தோராயமாக 7700 கலோரி என்று கணக்குச் சொல்கிறார்கள். மூன்று மாதத்தில் ஒரு கிலோ, நமக்குத் தெரியாமலே கரண்டியின் முதுகில் ஏறி வந்துவிடும். பட்டறையில் ஒரு கிராம் வெள்ளி குறைந்தால் தரையைக் கூட்டித் தூசியைச் சலித்துத் தேடுகிறவர்கள் நாங்கள். உடம்புக்குள் போவதை மட்டும் கண்ணளவில் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வெள்ளி நிறுக்கும் தராசில் சாப்பாட்டை வைக்க மாட்டேன். வீட்டுக்கென்று ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கி வைத்திருக்கிறேன், 400 ரூபாய்க்குள் கிடைத்தது. அதன்மேல் சின்ன டப்பாவை வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, 15 கிராம் வரும்வரை போட்டு மூடிவிடுவேன். பெரிய பாட்டில் வீட்டிலேயே இருக்கும், டப்பா மட்டும்தான் என்னோடு பட்டறைக்கு வரும். இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. பாட்டிலையே மேஜையில் வைத்துக்கொண்டு கட்டுப்பாடாக இருப்பது யாருக்கும் எளிதில்லை.

அடுத்தது புரதம். பீனட் பட்டரைப் புரதச் சத்துக்கான பொருள் என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்கள். புரதம் இருப்பது உண்மை. ஆனால் இதிலிருந்து வரும் கலோரியில் முக்கால் பங்கு கொழுப்பிலிருந்து வருகிறது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், கலோரி 70 சொச்சம். அதே 6 கிராமைப் பீனட் பட்டரில் எடுக்க வேண்டுமென்றால் 150 கலோரி ஆகிவிடும். ஆக, புரதத்துக்கு முட்டை, பருப்பு, சுண்டல், மோர் என்று வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள். பீனட் பட்டரைக் கொழுப்புக் கணக்கில் வையுங்கள். சமையலில் ஊற்றும் எண்ணெயைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் இதைச் சேர்த்தால் கணக்கு நேராக வரும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், என் தோழி ஒருத்தி புரதம் புரதம் என்று சாப்பாட்டுக்கு மேல் இதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, ஏன் இறங்கவில்லை என்று மனம் வெறுத்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். அவளுடைய முயற்சியில் எந்தக் குறையும் இல்லை. பாட்டிலின் முகப்பில் போட்டிருப்பதை நம்பினாள், அவ்வளவுதான்.

இதே கடையில் நாட்டுச் சர்க்கரை போட்ட வகையும் இருக்கிறது, "டயட்" என்று ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சீட்டு தேவையில்லாதது, எடுத்துவிட்டால் நல்லது. நாட்டுச் சர்க்கரையும் உடம்புக்குச் சர்க்கரைதான். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: இனிப்புப் போட்டதில் 100 கிராமுக்கான கலோரி கூடுதலாக இருக்காது, ஒருவேளை சற்றுக் குறைவாகக்கூட இருக்கும். சர்க்கரை ஒரு கிராமுக்கு 4 கலோரி, கடலை கிட்டத்தட்ட 6. அப்படியானால் இனிப்பு வகை தேவலையே என்று தோன்றும். தேவலை இல்லை. இனிப்பும் கொழுப்பும் சேர்ந்தால் கை நிற்காது, புரதமும் நார்ச்சத்தும் குறையும், சீக்கிரமே மறுபடி பசிக்கும். இனிப்பில்லாதது அப்படி இழுக்காது. 15 கிராம் தின்றாலே வாய் அடைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

செக்குக் கடைக்குப் போக முடியாதவர்கள் பாட்டில் வாங்கலாம், தப்பில்லை. பின்டோலா, ஆல்பினோ போன்ற கம்பெனிகளிலும் வேர்க்கடலை மட்டும் உள்ள வகை வருகிறது. முகப்பைப் பார்க்காமல் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. வேர்க்கடலைக்கு அடுத்ததாகச் சர்க்கரை வந்தால் கீழே வைத்துவிடலாம்.

சாப்பிடும் விதத்தில் எனக்குப் பிடித்தது ஏற்காட்டுப் பேரிக்காய். ஆடி, ஆவணியில் மலையிலிருந்து இறங்கும் நாட்டுப் பேரிக்காய், கல் மாதிரி இருக்குமே, அதுதான். நறுக்கி ஒவ்வொரு துண்டின்மேலும் மெல்லிசாகத் தடவினால் புளிப்பும் துவர்ப்பும் கடலை வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து வரும். காயைக் கடித்து மெல்லவே நேரம் பிடிப்பதால் 15 கிராம் நீண்ட நேரம் வரும். பேரிக்காய் இல்லாத மாதங்களில் கொய்யா. பிரெட்டில் தடவுவதை நான் விட்டுவிட்டேன்.

இன்னொன்று, சட்னி. ஒரு பல் பூண்டு, இரண்டு வரமிளகாய், கொஞ்சம் புளி, உப்பு இவற்றை அரைத்து, அதில் இந்த 15 கிராமைப் போட்டு வெந்நீர் விட்டுக் கரைத்தால் வேர்க்கடலைச் சட்னி தயார். தனியாக எண்ணெய் ஊற்றித் தாளிக்கத் தேவையில்லை, கடலையின் எண்ணெயே போதும். ராகி தோசைக்கு இது அபாரமாக இருக்கும். ஆட்டுக்கல்லில் அரைத்த சட்னியின் ருசி தெரிந்த என் மாமியாரே, "இது பரவாயில்லையே" என்று இன்னொரு கரண்டி கேட்டார்.

குறைகளும் இருக்கின்றன. மெல்லிசான பிளாஸ்டிக் டப்பாவில் தருகிறார்கள், மூடி இறுக்கமில்லை. பையைச் சாய்த்தால் எண்ணெய் கசிகிறது. அரைத்த தேதி எதுவும் போடுவதில்லை. நான் கேட்டு மூடிமேல் எழுதி வாங்குகிறேன், கேட்டால் முகம் சுளிக்காமல் எழுதித் தருகிறார்கள். வறுவல் ஒரே பதத்தில் இருப்பதில்லை. ஒரு தடவை நல்ல பொன்னிறமாக இருந்தால் அடுத்த தடவை கருகலை ஒட்டி, தொண்டையில் கசப்பு நிற்கிறது. அரைப்பதற்கு முன் இரண்டு பருப்பைக் கேட்டு வாங்கி மென்று பாருங்கள், தாராளமாகத் தருவார்கள். விலை கிலோ 340 ரூபாய். பச்சைப் பருப்பு விலையைப் பார்த்தால் கூடுதல்தான், ஆனால் பொறுக்கும் வேலைக்கும் வறுக்கும் வேலைக்கும் கொடுக்கலாம்.

பீனட் பட்டரே வேண்டுமா என்று கேட்டால், கட்டாயமில்லை. புரட்டாசி, ஐப்பசியில் ஓமலூர், மேச்சேரிப் பக்கத்துப் பச்சைக் கடலைக்காய் வரும்போது நான் இதை நிறுத்திவிட்டு, அவித்த கடலைக்காய்க்கு மாறிவிடுவேன். அவித்ததில் தண்ணீர் ஏறியிருப்பதால் 100 கிராம் பருப்பில் 320 கலோரிதான். ஓடு உரித்துத் தின்ன நேரம் ஆகும், வயிறும் நிறையும். முழுக் கடலையாக மென்று சாப்பிடும்போது அதன் கொழுப்பில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே வெளியேறிவிடும் என்பதும் ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம். மைபோல அரைத்ததில் அந்தச் சலுகை குறைவு. ஆனால் அவித்த கடலைக்காய் வருஷம் முழுக்கக் கிடைக்காது, பட்டறையில் ஓடு உரித்துக்கொண்டு உட்காரவும் முடியாது.

ஆடியிலிருந்து தைக்குள் எனக்கு ஆறு கிலோ இறங்கியிருக்கிறது. அதற்குப் பீனட் பட்டர் காரணம் என்று சொல்ல மாட்டேன். இரவில் சாதத்தைக் குறைத்ததும் காலையில் மூக்கனேரிக் கரையில் நடப்பதும்தான் பெரிய காரணங்கள். நாலரை மணிப் பசியில் நான் நிலைகுலையாமல் இருக்க இது துணையாக இருந்தது, அந்த மட்டுக்கும் இதற்கு நன்றி சொல்வேன். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத உடம்பு உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

வாங்கப் போகிறவர்கள் காலை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், மூட்டை ஏற்றி இறக்கும் லாரிகளுக்கு நடுவே வண்டி நிறுத்த இடமிருக்காது. மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் அன்றைக்கு வறுத்தது அரைபடும். இறுக மூடுகிற கண்ணாடி பாட்டில் ஒன்றை நன்றாகக் காயவைத்துக் கையோடு எடுத்துப்போங்கள். கால் கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம், ஒரு ஆளுக்குத் தினம் 15 கிராம் என்றால் அது இரண்டு வாரத்துக்கு மேலேயே வரும்.